நல்ல கைதட்டல்

அந்த மந்திரி எப்படித் தோத்தார்னு ஆளாளுக்கு ஒரு கதை வெச்சிருக்காங்க. டிவியில கோட்டுப் போட்டவங்க கோடு கோடா வரைஞ்சு காட்டுறாங்க, ஊழல் வெளிய வந்ததுல இருந்து ஆதரவு இப்படி இறங்குச்சாம், அப்படி இறங்குச்சாம். வரைஞ்சுட்டுப் போகட்டும். எங்க ஊர்ல அது எப்போ இறங்குச்சுன்னு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க. அவர் அதைக் காதாலயே கேட்ட மனுஷன்.

அவரை எல்லாரும் 'ஹலோ'ன்னுதான் கூப்பிடுவாங்க. மைக் செட் வெச்சிருக்கார். கல்யாணத்தன்னைக்கு எங்கிட்ட பேசின முதல் வார்த்தையே அதுதான். கூட்டம் எவ்வளவுன்னு அவர் எண்ண மாட்டார். மைக்ல ஒரு ஹலோ சொல்லிட்டுக் காதைச் சாய்ச்சு நிப்பார். ஆளிருந்தா மைதானம் சத்தத்தைக் குடிச்சிடும், காலியா இருந்தா திருப்பி அனுப்பும்னு சொல்வார். குழாய் ஸ்பீக்கர்ல ஒண்ணை எப்பவும் எங்க தெருமுனைக் கம்பத்துல கட்டுவார். நான் வீட்ல இருந்தே கேக்கணும். வந்ததும் வராததுமா, "சத்தம் எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேப்பார். பிசிறடிச்சுதுன்னு சொல்லிட்டா அன்னைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

மந்திரின்னா அவருக்கு உயிர். மந்திரி புகழைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. புதுப் பாலத்தைத் திறந்துவெச்ச கூட்டத்துல ஊரே கை வலிக்கத் தட்டுச்சு. என் தம்பி முன் வரிசையில நின்னான். அந்தக் கைதட்டலை மட்டும் தனியா பதிவு பண்ணி, 'நல்ல கைதட்டல்'னு பேர் போட்டு வெச்சுக்கிட்டார் இவர். வெளியூர்க் கூட்டம் மந்தமா இருந்தா, குழம்புக்கு உப்புப் போடுற மாதிரி அதுல கொஞ்சம் கலந்து விடுவார். எங்க ஊர்ல அதுக்குத் தேவையே வந்ததில்ல.

அந்தப் பாலம்தான் விழுந்துச்சு. மேல போன வண்டிகள்ல ஒண்ணு என் தம்பியோடது.

வேலை முடிஞ்சு வந்தா தெருமுனையிலயே விசிலடிப்பான். முன்பல் பாதி உடைஞ்சவன், விசில் மேல ஏறி அங்க ரெண்டாப் பிரியும். "மகாராஜா வந்துட்டார்"னு திட்டிக்கிட்டே நான் போய்த் தாழ்ப்பாளைத் திறப்பேன்.

பாலத்துத் தூணுக்குள்ள கம்பி இருக்கவேண்டிய இடத்துல கம்பியே இல்லைன்னு பேப்பர்ல வந்துச்சு. அதுக்கான பணம் மந்திரி வரைக்கும் போயிருக்குன்னும் வந்துச்சு. ஊரே கொதிக்கும்னு பார்த்தேன். ஒருத்தரும் கத்தலை. முடிவெட்டுற கடையில மந்திரி படம் மாட்டின இடத்துலயே தொங்குச்சு, யாரும் கழட்டலை, யாரும் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. கேட்டா, "எல்லாரும் அப்படித்தான்"னு எல்லாரும் ஒரே குரல்ல சொன்னாங்க. ஆதரவு குறையலைன்னு கட்சிக்காரங்க குஷியாயிட்டாங்க. எனக்கு என்னவோ அது ஆதரவாத் தெரியலை.

மந்திரியே நேர்ல வந்து விளக்கம் சொல்றதா கூட்டம் போட்டாங்க. இவர் வயரைச் சுருட்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பினார்.

"இங்க பாருங்க," வாசலை மறிச்சேன். "என் தம்பியைக் கொன்ன ஆளுக்கு நீங்க மைக் போட்டா, இனி இந்த வீட்ல உங்ககூட நான் பேச மாட்டேன்."

"எதிர்க்கட்சி கட்டிவிட்ட கதைம்மா அது. அவர் என்னதான் சொல்றார்னு கேட்டுட்டு வர்றேனே."

போயிட்டார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சாயங்காலம் கம்பத்துல இருந்து அவர் குரல் வந்துச்சு. "ஹலோ." மைதானம் அதை அப்படியே திருப்பி அனுப்புச்சு. ஹலோ.

ஜன்னல் வழியா எதிர்வீட்டு டெய்லரம்மாவைக் கேட்டேன். "என்னக்கா, கூட்டமே இல்லையா?"

"யார் சொன்னா? ஒரு நாற்காலி காலியில்லையாம்."

மறுபடி "ஹலோ"ன்னார், கொஞ்சம் தயங்கி. மறுபடியும் திரும்பி வந்துச்சு. நிறைஞ்ச மைதானம் எப்படிங்க திருப்பி அனுப்பும்?

மந்திரி பேசினார். கைதட்டுக்காக நிறுத்தினார். ஒண்ணும் வரலை. கொடிக்கயிறு கம்பத்துல அடிக்கிற சத்தம் மட்டும் மைக்ல கேட்டுச்சு. அப்புறம் திடீர்னு ஒரே கைதட்டல், தெருவே அதிர்ந்துச்சு. கட்சிச் செயலாளர் கண்ணைக் காட்டினாராம், இவரும் பழக்கதோஷத்துல 'நல்ல கைதட்டலை'ப் போட்டு விட்டுட்டார். மைதானத்துல ஒரு கை அசையலையாம். எல்லாரும் மடியில கையை வெச்சுக்கிட்டு, தாங்க என்னைக்கோ தட்டினதைத் தாங்களே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவுல ஒரு விசில். மேல ஏறி, ரெண்டாப் பிரிஞ்சுது.

என் கை தன்னால போய்த் தாழ்ப்பாளைத் திறந்துடுச்சு.

தெருவுல யாரும் இல்லை. கம்பம் மட்டும் நின்னுச்சு. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வீட்டுக் கதவா திறந்துச்சு. டெய்லரம்மா வாசல்ல வந்து நின்னாங்க, அவங்களுக்கும் அந்த விசில் தெரியும்.

"இந்த அன்பு போதும் எனக்கு," மந்திரி குரல் தழுதழுத்துச்சு. பேச்சை மறுபடி நிறுத்தினார். அதே கைதட்டல் மறுபடி வந்துச்சு. அதே விசில். நான் வாய்விட்டு அழுதுட்டேன்.

மந்திரி அடுத்த வார்த்தையை ஆரம்பிக்கும்போதே அவர் மைக் செத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரர் குரல்தான் வந்துச்சு, பக்கத்துல உக்காந்திருக்கிறவன்கிட்ட பேசுற மாதிரி.

"மச்சான், நீ வீட்டுக்குப் போடா. இங்க நின்னு விசிலடிக்காதே."

அப்புறம் நாற்காலிங்க நகர்ற சத்தம் கேட்டுச்சு. ஆயிரக்கணக்கான பேர் எந்திரிச்சுப் போறாங்க, ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அது ஓயுற வரைக்கும் இவர் ஸ்பீக்கரை அணைக்கவே இல்லை.

வந்து வாசப்படியில நின்னார். வயரெல்லாம் மைதானத்துலயே கிடக்குதாம். "முதல் தடவை என் காதையே நான் நம்பலைம்மா. அதனாலதான் ரெண்டாவது தடவை போட்டேன்"னார். சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கலை. பேச மாட்டேன்னு சொன்ன வார்த்தையை நான்தான் மீறினேன்.

"பிசிறே இல்லைங்க. தெளிவா கேட்டுச்சு."

தலையாட்டிட்டு உள்ள வந்து கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்"னு சொன்னேன்.