பஸ் மிதிக்காத ஓரம்

வாப்பா பஸ் ஓட்டினார். ராத்தா, அதாவது என் மூத்த சகோதரி, சைக்கிள் ஓட்டினாள். இருவருக்கும் இருந்தது கல்முனைப் பெரிய ரோடு ஒன்றுதான். எங்கள் வீட்டுச் சண்டையும் அந்த ரோட்டில்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளில், சாய்ந்தமருதிலிருந்து கல்முனைப் பள்ளிக்கூடத்துக்கு ராத்தா சைக்கிளை மிதிப்பாள். நான் பின்னால் கெரியரில் குந்தியிருப்பேன். ஒருநாள் காலை யாரோ ஓட்டிவந்த பஸ் ஒன்று, ஹோன் அடித்தபடியே எங்களை உரசிக்கொண்டு போயிற்று. சைக்கிளோடு ரோட்டோரம் கழிவுத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தோம். எனக்கு முழங்கால் தேய்ந்தது. ராத்தாவுக்குக் கை முறிந்தது. கடை வாசல்களில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். தூக்கும்போதே, பொம்பிளைப் பிள்ளைக்கு மெயின் ரோட்டில் என்ன சைக்கிள் என்றும் கேட்டார்கள். பஸ்காரனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னேரம் வாப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இனிச் சைக்கிளைத் தொடப்படாது."

சைக்கிள் இல்லாவிட்டால் பின்னேர வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் ராத்தாவின் படிப்பு அத்தோடு சரி.

"நான் ஓரத்தாலதான் போனன் வாப்பா. பிழை விட்டது பஸ். சைக்கிளை ஏன் நிப்பாட்டணும்?"

"அந்த ரோட்டுல உனக்கு இடமில்ல மகள்."

"அப்ப இடம் எடுப்பம்."

வாப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். சமாதானம் பேச வந்த மாமா, ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார்.

"கோட்டை பஸ் மிதிக்கும் மாமா. பரலை மிதிக்குமா?" என்றாள் ராத்தா.

ஆமி முகாம் வாசலில் மண் நிரப்பிய பரல்களை, ஆள் இடுப்பளவு இரும்புப் பீப்பாய்களை, வைத்திருந்தார்கள். எவ்வளவு கொழுத்த பஸ்ஸும் அங்கே மட்டும் பூனைபோல நடந்து போகும். அதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

கைக்கட்டு அவிழ்த்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். ரோடு வெறிச்சென்று கிடந்தது. ரோடு போட்டவர்கள் கடற்கரை ஒழுங்கையில் விட்டுப்போன வெறும் தார்ப் பரல்களை, ராத்தாவும் அவளோடு படித்த பிள்ளைகளும் உருட்டி வந்து ஓரமாக வரிசையில் நிமிர்த்தினார்கள். அதுவரை வாயே திறக்காத உம்மா, வாளியில் மண் சுமந்து வந்து ஒவ்வொன்றிலும் கொட்டினார்.

தொழுகை முடிந்து வந்த கடைக்காரர்கள் கொதித்தார்கள். சாமான் இறக்கும் வான்களை நிறுத்தும் இடம் போய்விட்டதே!

"ஆரைக் கேட்டு வெச்ச?"

"எங்கள இடிக்கக்குள்ள ஆரைக் கேட்டாங்க?"

சொல்லிவிட்டு, என்னைக் கெரியரில் ஏற்றிக்கொண்டு பரல்களுக்கு உட்புறமாக மிதித்தாள் ராத்தா. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. வாப்பாவின் பஸ்.

பஸ் நின்றது. யன்னல்களெல்லாம் தலைகள். வாப்பா இறங்கி வந்து முதலாவது பரலைச் சாய்த்தார். ராத்தா என்னோடு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடுத்த பரலை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்தேன்.

வாப்பா பரலை அடி விளிம்பில் உருட்டினார். கான் பக்கமாக அல்ல. ரோட்டின் நடுப்பக்கமாக, ஒரு முழம்.

"அந்த இடம் காணாது மகள். பஸ்ஸுட பின்சில்லு இன்னும் உள்ளால வரும்."

மற்றப் பரல்களையும் தள்ளி வைத்துவிட்டுப் போய் ஏறி, மெதுவாக பஸ்ஸை எடுத்தார்.

சில நாட்களில் பொலிஸ் வந்து பரல்களை ஏற்றிக்கொண்டு போனது. ராத்தா அதே ரோட்டில், அதே ஓரத்தால் சைக்கிளில்தான் படித்து முடித்தாள். சைக்கிளுக்குத் தனி வழி கேட்டால் ரோடு ஒடுக்கம் என்று இன்றும் சொல்கிறார்கள். வான் நிறுத்த மட்டும் எப்படியோ அது அகலமாகிவிடுகிறது. நாங்களும் கேட்பதை விடவில்லை.

அன்று, வாப்பா எங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று கெரியரில் துள்ளினேன். பஸ்ஸின் பின்சக்கரம் எதுவரை உள்ளே வரும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது, எத்தனை பிள்ளைகள் கானுக்குள் இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்தபடியே அவர் ஓட்டிப் போயிருப்பார் என்றெல்லாம் நினைக்கும் வயது எனக்கு அப்போது இல்லை.