ஒற்றைப் பாக்கெட் ஆட்டத்தில் என் மனைவி

எங்கள் மன்றத்தின் விதி ஒன்பது இப்படிச் சொல்கிறது: உறுப்பினரின் துணைவியார் மன்றத்தின் எல்லா விளையாட்டு வசதிகளையும் பயன்படுத்தலாம். பில்லியர்ட்ஸ் மேசை நீங்கலாக என்று அதில் எங்கும் இல்லை. விதியை எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெருங்கிய நேரம், மலேசியாவின் ஜாசினில் எங்கள் குடியிருப்பு மன்றத்தில் நடந்தது இது. அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையின் ஆறு பாக்கெட்டுகளில் நான்கின் வலை கிழிந்துவிட்டது. விழுகிற பந்து தரைக்குப் போய் நாற்காலிகளுக்கு அடியில் உருளும். வலை மாற்றச் செயற்குழு தீர்மானம் போட்டது. பிறகு அந்தத் தீர்மானத்தை ஆராயத் துணைக்குழு போட்டது. தீபாவளிப் போட்டியை நிறுத்திவிடலாம் என்றார்கள். ஒற்றைப் பாக்கெட் ஆட்டம் ஆடலாமே என்றேன் நான்.

பலர் கேள்விப்படாத ஆட்டம். மேசையின் ஒரு முனையில் இருக்கும் இரண்டு மூலைப் பாக்கெட்டுகளில் ஆளுக்கு ஒன்று. வெள்ளைப் பந்தைக் கொண்டு மற்றப் பதினைந்து பந்துகளில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். தன் பாக்கெட்டில் முதலில் எட்டுப் பந்து சேர்ப்பவருக்கு வெற்றி. மற்ற நான்கில் விழுந்தால் பந்து மேசைக்கே திரும்பும். எதிராளியின் பாக்கெட்டில் விழுந்தால், யார் அடித்திருந்தாலும் அது எதிராளிக்கு. கிழியாத இரண்டு வலைகளும் ஒரே முனையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

இதை வீட்டில் விளக்கியபோது மனைவி, "கேரம்லயும் அப்படித்தானேங்க, அடுத்தவங்க காயைப் போட்டா அவங்களுக்குத்தான் சேரும்" என்றாள். செலண்டார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் அண்ணன்மாரோடு கேரம் ஆடி வளர்ந்தவள். மன்றம் காலியாக இருக்கும் காலை நேரங்களில் இருவரும் போய் ஆடினோம். சீக்கிரமே நான் பந்து பொறுக்கிப் போடும் வேலைக்கு வந்துவிட்டேன்.

போட்டிக்கு அவள் பெயரைக் கொடுத்தபோது செயலாளர் நெளிந்தார். "அண்ணே, ரூல் சரிதான். ஆனா இதுவரைக்கும் லேடிஸ் யாரும் ஆடுனதில்லலா. கமிட்டில பேசிட்டு லெட்டர் போடுறோம்."

எழுத்தில் விண்ணப்பித்தேன். பிரதியில் மன்ற முத்திரைச் சாப் குத்தி வாங்கினேன். பதில் வரவில்லை. போட்டி அன்று விதி பதினான்கை வாசித்துக் காட்டினேன்: போட்டி தொடங்குமுன் மறுக்கப்படாத விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகும். அதையும் எழுதியவன் நானே. செயலாளர் அவள் பெயரை அட்டவணையின் கடைசியில் பென்சிலால் எழுதினார், சீக்கிரம் அழிக்க வசதியாக.

இறுதி ஆட்டம்வரை அழிக்கவேண்டி வரவில்லை. எதிரே மன்றத்தின் பல வருடச் சாம்பியன், லாரி ஓட்டுபவர். "பாத்துலா அக்கா, ஸ்டிக் ஒடஞ்சிறப் போவுது" என்றார். கூட்டம் சிரித்தது.

"ஒடஞ்சா தம்பி வாங்கித் தரமாட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இவள் ஸ்டிக் நுனியில் சாக் தேய்த்தாள்.

அவர் தூரத்துப் பந்துகளை எல்லாம் அநாயாசமாகப் போட்டார். இவள் ஒன்று போட்டு, அடுத்தது கிடைக்காது என்றால் அவருக்கு வழியில்லாத இடத்தில் வெள்ளைப் பந்தை ஒளித்துவைத்தாள். ஏழுக்கு ஏழு. மேசையில் ஒரே ஒரு பந்து, இவள் முறை. பந்தின் ஓரத்தை லேசாகத் தொட்டாள். அது உருண்டுபோய் அவள் பாக்கெட்டின் வாயிலேயே நின்றது. வெள்ளைப் பந்து விளிம்பில் பட்டு மறுகோடிக்கு ஓடியது.

"ஐயோ, மிஸ் பண்ணிட்டாங்க" என்றது கூட்டம்.

சாம்பியன் அந்தப் பந்தை அங்கிருந்து கிளப்பியாக வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த அடி இவளுடையது. குனிந்தார், நிமிர்ந்தார், மேசையைச் சுற்றி வந்தார். கடைசியில் வெள்ளைப் பந்தைப் பக்கவாட்டு விளிம்பில் மோதவிட்டுத் திருப்பினார். ஓரத்தில் உரசவேண்டிய அது நேராகப் போய் முட்டியது. பந்து இவள் வலையில் விழுந்தது. இவளுடைய எட்டாவது பந்தை அவரே போட்டுக்கொடுத்துவிட்டார்.

அவர்தான் முதலில் சிரித்தார். "மிஸ் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

"இல்ல தம்பி. அங்கதான் வெச்சேன்."

அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளைக் கரைசேர்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் மார்தட்டியதில்லை. அன்று கோப்பையைக் காரின் முன்கண்ணாடியில் தெரியும்படி வைத்து, தேவையே இல்லாமல் ஜாசின் சந்தையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் விதிகள் அவளைக் கதவுவரைதான் கொண்டுபோய் விட்டன, உள்ளே போய் ஆடியது அவள் கை என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற செயற்குழுவின் பதில், தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது.