திருஇருதயப் படத்தைக் கழற்றியவன்

கதவில் கண்ணாடி வைக்கச் சொன்னார்கள். நான் குளியலறைக் கண்ணாடியை வைத்தேன். இந்த மலையில் தச்சு வேலை பார்த்தே தலை நரைத்தவன் செய்த வேலை அது. வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பவர் கலங்கிய சாம்பார் மாதிரி தெரிவார்.

மடத்துப் பெரிய சிஸ்டர் அதில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார்.

“அண்ணே, உள்ள என்ன நடக்குதுன்னு போறவங்க வர்றவங்க பாக்கணும்னுதான கண்ணாடி கேட்டேன்?”

“உள்ள இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் மறைவு வேணாமா சிஸ்டர்?”

“அந்த மறைவுதான் வேணாங்கிறேன்.”

ரிங்லெட் என்கிற மலை ஊருக்கு மேலே, தேயிலைச் சரிவை ஒட்டி எங்கள் கோயிலும் மடமும் இருக்கின்றன. தனியாக வாழ முடியாத சில பெண்களைச் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எஸ்டேட் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு வருவார்கள். பிள்ளைகளோடோ அந்தப் பெண்களோடோ பெரியவர் யாரும் அடைத்த அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று புதிதாக விதி வந்திருந்தது. அதற்காக நடந்த வகுப்பில் நான் கடைசி பெஞ்சிலிருந்து, “அப்ப நானும் என் பொண்டாட்டியும் தனியா இருக்கலாமா?” என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி மட்டும், “கூடாது” என்றாள்.

கண்ணாடியை மாற்றித் தெளிவானதாகப் போட்டேன். பாட்டுப் பயிற்சி அறைக் கதவு அது. கொஞ்ச நாளில் அந்தக் கண்ணாடியின் மேல் இயேசுவின் திருஇருதயப் படம் ஒன்று தொங்கியது. மாட்டியவர் பாட்டுச் சொல்லித் தருகிறவர். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர். கண்ணாடி வழியாகக் குளிர் வருகிறது, தொண்டை கட்டுகிறது என்றார்.

எங்கள் ஆட்கள் மாட்டிய சாமி படத்தைக் கழற்ற மாட்டார்கள். சாயம் போனாலும் கழற்ற மாட்டார்கள். மறுவாரம் யாரோ அதற்குப் பூச்சரம் போட்டார்கள். அப்புறம் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு வந்தது. சிஸ்டர்கள் உட்பட அந்தப் பக்கம் போகிற எல்லாரும் நின்று சிலுவை போட்டுக்கொண்டு நடந்தோம். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒழுகும் தகரத்தைச் சரி பார்க்கப் போயிருந்தேன். பாட்டு வகுப்பு நேரம். பாட்டுச் சத்தம் இல்லை, ஆர்கன் சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் பாட்டுக்குப் போகிறவள் மடத்தில் வளர்ந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும், மனசு சின்னப் பிள்ளையுடையது. கொழுந்து பறித்த அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. என் மட்டமான ஜோக்குகளுக்கு இந்த மலையிலேயே வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான். கொஞ்ச நாளாக அவள் சிரிப்பதில்லை. என் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். கிராணி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சுவரோடு சுவராக ஒட்டி, சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கதவத் தட்டத் தெரியாதா?” என்றார் அவர்.

“வாம்மா, சிஸ்டர் கூப்பிடுறாங்க” என்றேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் வெளியே ஓடினாள். நான் படத்தைக் கழற்றினேன்.

“என்னடா பண்ற?”

“வெளிச்சம் வரட்டும் கிராணி.”

நேராகப் போய் சிஸ்டரிடம் சொன்னேன். அன்றே அவர் பாட்டு வகுப்பை நிறுத்தினார். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. படத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

“சாமி படத்தக் கழட்டித் தரையில வச்சியாமே?”

“பெஞ்சு மேல வச்சேன்.”

“எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுட்டு, திரும்ப மாட்டிடு. முடிஞ்சது கதை.”

“மாட்ட மாட்டேன்.”

“கோயிலுக்கே உழைச்ச மனுசன சந்தேகப்படுறியா?”

“நேத்து நான் பாத்தத சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க விசாரிக்கட்டும். ஏசுவ எதுக்குய்யா மறைப்பா நிக்க வைக்கிறீங்க? அவரு அந்த வேலைக்கா வந்தாரு?”

“இனி கோயில் வேலை ஒண்ணும் உனக்குக் கிடையாது லா.”

சரி என்றேன். என் லோரியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து, அத்தனை பேர் பார்க்க அந்தக் கதவின் கீல்களைக் கழற்றினேன். கதவை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். வீரமாகத்தான் கிளம்பினேன். படிக்கட்டின் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. மனைவிதான் இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தாள். “ராத்திரி இடுப்பு வலின்னு எங்கிட்ட வராத” என்றாள். ஆனால் லோரி வரைக்கும் பிடியை விடவில்லை.

புதுக் கதவு போடக் கமிட்டி ஆள் அனுப்பியது. சிஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கதவில்லாத அந்த அறையில் அவர் தினமும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து துணி மடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடித்துக்கொண்டே ஒரு நாள் அவளாகச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டு முடித்ததும் சிஸ்டர், கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போலீசில் ரிப்போர்ட் செய்தார். ஆயர் இல்லத்துக்கும் சொன்னார். கேஸ் நடக்கிறது. கிராணி கோயில் பக்கம் வருவதில்லை. என்னால்தான் கோயில் பேர் கெட்டது என்று பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கோயில் வேலை போனாலும் மடத்து வேலை இருக்கிறது. அங்கே கமிட்டி பேச்சு எடுபடாது.

போன மாதம் மடத்துச் சமையல்கட்டில் அலமாரி சரி செய்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் எனக்குக் கோப்பி கொண்டு வந்தாள். சும்மா இருக்க என்னால் முடியாதே. “அங்கிள் அன்னிக்குக் கதவத் தூக்கிட்டுப் போனது எப்படி, சினிமா ஹீரோ மாதிரி இல்ல?” என்றேன்.

அவள் கோப்பியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“லேட்டாத் தூக்குனீங்க அங்கிள்” என்றாள்.