ஒரு மணி வலது, ரெண்டு கிலோ கீழே

x-இலிருந்து ஒன்றைக் கழித்தால் வரைபடத்தில் வளைவு இடப்பக்கம்தானே போகவேண்டும், ஏன் வலப்பக்கம் போகிறது என்று பிரீடிகிரி வகுப்பில் கேட்டேன். லெக்சரர் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "அது அங்ஙனெ தன்னெ, அப்படித்தான். பைஹார்ட் பண்ணிக்கோ. எஸ்டேட்டில கொழுந்து கிள்ள இதெல்லாம் வேண்டாமல்லோ." வகுப்பு சிரித்தது. அவருக்கே காரணம் தெரியாது என்று அன்று முடிவு கட்டினேன். இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

மழை லீவுக்குச் சாந்தன்பாறைப் பக்கத்து எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தால், அவரையும் தூக்கிச் சாப்பிடும் ஒருவர் வந்திருந்தார்: உதவி மேனேஜரான புதிய சின்னதுரை. முன்வரிசையில் கொழுந்து கிள்ளும் என் அம்மாவின் கூடையை மணிக்கு மணி நிறுத்து, வெயில் மாதத்துக்கு ஒரு கோடு, மழை மாதத்துக்கு ஒரு கோடு வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார். காலை பத்து மணியில் மழைக்கோடு தாழ்ந்து கிடந்தது. அம்மா சோம்பேறி என்று தீர்ப்பு. கொழுந்திலிருந்து களைவெட்டுக்கு மாற்றிவிட்டார்.

மழைக்காலத்தில் காலை ஆள் எடுக்கும் பெரட்டு ஏழிலிருந்து எட்டுக்குத் தள்ளிப்போகும். லயத்து வீட்டுக் கோழிக்குக்கூட இது தெரியும். நனைந்த இலை என்று ஒவ்வொரு நிறுவையிலும் ரெண்டு கிலோ கழிப்பதும் அவருடைய ஆட்கள்தான்.

சுவரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மழைநாள் பத்து மணியின் எடை வேண்டுமென்றால், பத்தில் ஒன்றைக் கழித்து வெயில்நாள் ஒன்பது மணியைப் பார்க்கவேண்டும். எல்லாமே ஒரு மணி பிந்தி நடப்பதால் வளைவு வலப்பக்கம் போகிறது. கழித்த கிலோ அதைக் கீழே இறக்குகிறது. வடிவம் மாறவே இல்லை.

பூவேலைக்கு வைத்திருந்த டிரேசிங் தாளில் வெயில்கோட்டை நகலெடுத்து, சின்னதுரை முன்னாலேயே ஒரு மணி வலதுக்கும் ரெண்டு கிலோ கீழேயும் நகர்த்தினேன். ஓரிரு இடம் தவிர மழைக்கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது.

"அம்மா வேலை குறையலைங்கய்யா. நேரத்தைத் தள்ளினதும் எடையைக் கழிச்சதும் ஆபீஸுதான்."

தாளை எடுத்து அவரே மறுபடி வைத்துப் பார்த்தார். "கரெக்ட்தான்," என்றார். "ஆனா ஆர்டர் எழுதியாச்சே."

எழுதிய ஆர்டரை மட்டும் நகர்த்தத் தெரியாத மேதாவி. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். களைச்சுரண்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "இம்புட்டு படிச்ச மனுசன், தப்புன்னு தெரிஞ்சும் அடிச்சு எழுத மாட்டாராமா?" என்றாள்.

வருஷப் பரீட்சையில் வளைவு நகரும் அதே கேள்வி வந்தது. எனக்கு முழு மார்க். அம்மா அப்போதும் களைக்காட்டில்தான் நின்றாள்.