குப்பியைத் தொடாத கை

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும்போது நிழலக்கா காதைத் தீட்டிக்கொள்வார். சீல் உடைந்து "டிக்" என்று சத்தம் வந்தால்தான் குடிப்பார். வராவிட்டால் அந்தப் பாட்டில் ஜன்னல் திட்டுக்குப் போய்விடும். செடிக்கு ஊற்றத்தான் அது லாயக்கு. வீட்டிலும் இதே கதைதான். கணவர் ஒருமுறை பாசத்தோடு மூடியைத் திறந்து நீட்டியிருக்கிறார். "நீங்க தொறந்தத நீங்களே குடிங்க" என்று பதில் வந்ததாம். மனிதர் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு எதையும் திறந்து கொடுத்ததில்லை.

விளையாட்டு அரங்கில் ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் அழைத்துவருவது அவர் வேலை. ஜெயித்தவள் கோட்டைத் தாண்டிக் குனிந்து மூச்சு வாங்கும்போது பக்கத்தில் போய் நிற்பார். சோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார். அந்த நொடியிலிருந்து, சிறுநீர் கொடுத்துக் குப்பி மூடப்படும்வரை, அவள் இவர் கண்ணை விட்டு மறையக்கூடாது. பதக்க மேடையா, கூடவே வருவார். பேட்டியா, கேமராவுக்குப் பின்னால் நிற்பார். கழிப்பறையா, அதற்குள்ளும் வருவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டச் சொல்லி, சட்டையை மார்புவரை தூக்கச் சொல்லி, வருவது அவள் உடம்பிலிருந்துதானா என்று நேருக்கு நேர் பார்ப்பார். வேறு யாருடையதையோ பையில் கட்டி ஒளித்துக்கொண்டு வந்த கெட்டிக்காரிகளும் உண்டாம். நிழல் என்ற பெயர் ஓட்டக்காரிகள் வைத்தது. அக்கா என்பது வயதுக்காகப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

சோதனை அறை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை விசாரித்து அனுப்புவது என் வேலை. குடைந்து குடைந்து கேட்கிற புத்தி எனக்கு. வெட்கமாக இருக்காதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொதல்ல இருந்துச்சு. ரெண்டு பேரும் வெக்கப்பட்டா அவங்களுக்கு வரவே வராதே. அதான் நான் விட்டுட்டேன்."

விட்டதோடு போகவில்லை. உறவில் ஒரு கல்யாணம். பேசிக்கொண்டிருந்த சின்னம்மா பாதியில் எழுந்து போக, இவரும் பேச்சு சுவாரசியத்தில் பின்னாலேயே போய்க் கழிப்பறைக்குள் நுழைந்து, கதவோரம் சாய்ந்து நின்றுவிட்டார். "ஏண்டி, நான் எங்கயும் ஓடிட மாட்டேன், வெளிய நில்லு" என்று சின்னம்மா போட்ட சத்தம் கூடம்வரை கேட்டதாம். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை, அன்று தன் மேல் தப்பு எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வேலை நேரத்தில் அவர் கைகளைக் கவனிக்க வேண்டும். இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருக்கும். போட்டிக்கு வந்தவர்கள் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார். கொஞ்சம் இந்தப் பதக்கத்தைப் பிடியுங்கள், துண்டைப் பிடியுங்கள் என்று யாராவது நீட்டினால், கேட்காததுபோல் நிற்பார். கோப்பையைத் தேர்ந்தெடுப்பதும், சிறுநீரை இரண்டு குப்பிகளில் ஊற்றுவதும், மூடியைத் திருகுவதும் கொடுக்கிறவளே செய்ய வேண்டியவை. கை நடுங்கித் தவிக்கிறவளுக்கும் வாயால்தான் சொல்லித் தருவார். "நான் தொட்டேன்னு வைங்க, நாளைக்கு வக்கீல் வந்து, இந்தம்மாதான் எதையோ கலந்துட்டாங்கன்னு சொல்லுவாரு. தப்பு பண்ணவ தப்பிச்சுடுவா. பண்ணாதவளுக்குப் பேரு கெட்டுடும்."

போன மாதம், பிள்ளை பெற்ற பிறகு முதன்முறையாக ஓட வந்த ஒருத்தி நெடுந்தூர ஓட்டத்தில் ஜெயித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு இப்படி ஓடுமா, எதையோ ஏற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் பேசாது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாய்களை அடைக்க அவளிடம் இருந்தது இந்தச் சோதனை ஒன்றுதான். ஆனால் வெயிலில் ஓடி வற்றிப்போன உடம்பிலிருந்து சொட்டுக்கூட வரவில்லை. மளமளவென்று தண்ணீர் குடிக்கவும் வழியில்லை. ரொம்ப நீர்த்துப்போனால் செல்லாது, திரும்பவும் கொடுக்க வேண்டிவரும் என்று நிழலக்கா கடிவாளம் போட்டிருந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு அவளுடைய தோழி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பசியில் அது வீறிட்டுக்கொண்டிருந்தது. அணியின் வேன் கிளம்பப் போகிறதாம். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வண்டியை நிறுத்திவைக்க ஓடினாள். குழந்தையை வாங்கிய வேகத்தில் தாய் பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். போதும், நான் போகிறேன் என்று அழுதாள்.

நிழலக்கா வழிமறிக்கவில்லை. "போறதுன்னா போம்மா, நான் புடிச்சு வெக்க மாட்டேன். ஆனா குடுக்காம போனா, மருந்து போட்டு மாட்டினதுக்குச் சமம். வருஷக்கணக்கா ஓட முடியாது. வெறும் வாய மெல்றவங்களுக்கு நீயே அவல் குடுத்துடாத."

அவள் பையை இறக்கினாள். மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நிழலக்கா எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை குடித்து முடிக்கும் நேரத்தில் அவள் தலையை நிமிர்த்தி, "வருது போல இருக்குக்கா" என்றாள். இப்படி ஒரு செய்திக்காக நான் என் வாழ்நாளில் சந்தோஷப்பட்டதில்லை.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் கழிப்பறைக்குள் போனார்கள். எனக்குக் குழந்தை தூக்கத் தெரியாது என்பது குழந்தைக்கு உடனே தெரிந்துவிட்டது. அது போட்ட கூச்சலில் வாசலில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவள் கோப்பையோடு வெளியே வந்ததும் என்னிடமிருந்து அவள் தோளுக்குத் தாவியது, பிய்த்தாலும் வரவில்லை. ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் குழந்தை. மேஜையில் திறந்த குப்பிகள். அவள் ஊற்றப் பார்த்தாள், குழந்தை உதைத்தது, கோப்பை விளிம்புவரை அலம்பி நின்றது. சிந்தினால் எல்லாம் முதலிலிருந்து.

"அக்கா, இத ஒரு நிமிஷம் புடிங்களேன்" என்று கோப்பையை நீட்டினாள்.

நிழலக்காவின் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

"அத நீயே வெச்சுக்க," என்றார். பிறகு கைகள் முன்னால் வந்தன. "புள்ளயக் குடு."

என்ன மாயமோ, அந்தத் தோளில் போனதும் குழந்தை அடங்கிவிட்டது. அவள் இரண்டு கையாலும் நிதானமாக ஊற்றினாள். முதல் குப்பியின் மூடியை, "டிக்" என்று பூட்டிக்கொள்ளும்வரை திருகினாள். அப்போதுதான் பார்த்தேன், நிழலக்காவின் சட்டையில் ஈரம் படர்ந்து, இடுப்பு வழியாக இறங்கி, செருப்புவரை சொட்டிக்கொண்டிருந்தது. தாயிடம் தவம் கிடந்து வாங்கியதைக் குழந்தை கேட்காமலே கொடுத்துவிட்டது.

நிழலக்கா குனிந்து பார்க்கவில்லை. கண் மேஜையை விட்டு நகரவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, இரண்டாவது மூடியின் "டிக்" சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.