உறைபனிப் புல்லில் ஒரு காலடி

இன்று காலை கல்வராயன் மலையடிவாரத்தில், நாத்தனார் வீட்டுத் திண்ணையிலிருந்து வாசற்புல்லில் இறங்கப் போன என் கால் அப்படியே நின்றுவிட்டது. வெறும் பனித்துளிதான், இறங்கினால் பாதம் நனையும், அவ்வளவே. ஆனாலும் இத்தனை வருடம் கழித்தும் விடியற்காலைப் புல்லைக் கண்டால் எனக்குக் கால் கூசுகிறது.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். நானும் நாத்தனாரும் கள்ளக்குறிச்சியிலிருந்து நீலகிரிக்குப் போய் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வேலை பார்த்தோம். பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்குத்தான் அங்கே ராஜ உபசாரம். மார்கழியில் பொழுது சாயுமுன் அதற்குப் படுதா போர்த்துவோம். எங்களுக்குக்கூட அவ்வளவு நல்ல போர்வை கிடையாது. அதையும் மீறி உறைபனி பிடித்துவிட்டால், வெயிலில் உருகும்வரை ஒருவரும் மிதிக்கக் கூடாது. உறைந்த புல் மிதிபட்டால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். அன்றைக்குத் தெரியாது, இரண்டு நாளில் காலடி காலடியாகக் கருகி நிற்கும்.

ஒரு போட்டிக்கு மூன்று நாள் இருந்தபோது, காற்றில் படுதாக்கள் நடுவே விலகிக் கிடந்ததை விடிகாலையில் பார்த்தேன். புல் வெள்ளை பூத்திருந்தது. பதறிப்போய் குறுக்கே ஓடி இழுத்து மூடினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடியதையே பெரிய ஜாக்கிரதையாக நினைத்த புத்திசாலி நான்.

போட்டிக்கு முதல் நாள், ஐந்தாறு வெறுங்கால் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. சூப்பர்வைசர் வந்து பெண்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, மிதித்தவள் ஊருக்குப் போகலாம் என்றார். வீட்டுக்காரர் இடுப்பு முறிந்து படுத்திருந்த நேரம். என் வேலையில்தான் அடுப்பெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. நாத்தனார் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க மெதிச்சேன்."

அன்று மாலை பஸ்ஸிலேயே மலையிறங்கினார். பிறகு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டித்தான் காலம் தள்ளினார். யார் மிதித்தது என்று தெரியாமல், எல்லோருக்காகவும் பழியை ஏற்றார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெட்கக்கேடு.

இன்று அவர் டீ டம்ளரோடு என்னைத் தாண்டிப் புல்லில் இறங்கி நின்றபோது, இனியும் தாங்காது என்று தோன்றியது.

"அண்ணி, அந்தக் கருகின காலடி... அது என்னுதுதான்."

"தெரியும் புள்ள. உன் சுண்டுவெரலு மட்டும் தனியா ஒதுங்கிக்கினு நிக்குமே, அப்பவே பாத்துட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் டம்ளரை நீட்டினார்.

"இன்னா அங்கியே நின்னுக்கினு கீற? எறங்கி வா, டீ ஆறுது."

புல்லில் கால் வைத்தேன்.