கழித்துப் போட்ட ரிங்குகள்

ஈப்போவில் நான் வேலை செய்வது ரப்பர் சாமான் செய்யும் சின்னத் தொழிற்சாலை. தண்ணீர் பம்புக்கு வாஷர், லாரியில் அதிர்வு தாங்கும் புஷ், இவற்றோடு சின்ன விமானங்களின் எஞ்சினுக்கு ரிங். ஒருவர் இருவர் ஏறிப் பறக்கப் பழகுகிற விமானம். அதன் எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைத்து நிற்பது, மோதிரம் அளவுள்ள எங்கள் ரிங்தான். அதைப் பார்த்துத் தேறவிடுவது என் மேசை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. தொழில் கற்றது சிலிம் ரிவர் பக்கம், ரப்பர் தோட்டத்து ஸ்டோரில். புகைபோட்ட ரப்பர் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்போம். குமிழோ தூசியோ தெரிந்தால் கத்தரிக்கோலால் அந்த இடத்தை வெட்டி எறிவோம். ஷீட்டில் கெட்டது இருக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. தோட்டம் வீட்டு மனையாகிப் போனபின் ஈப்போவுக்கு வந்தேன். ரிங்கையும் அப்படியே பார்த்தேன். விளக்குக்கு நேரே பிடிப்பேன், இழுப்பேன், விரலில் உருட்டுவேன். கீறல் தட்டினால் அந்த நிமிஷமே இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவேன். தேறினதைப் பெட்டியில் போட்டு, கார்டில் கையெழுத்து வைப்பேன். கழித்தது எத்தனை என்று எழுத கார்டில் ஒரு கட்டம் உண்டு. பெட்டியில்தான் கெட்டதே இல்லையே என்று அதில் சைபர் போட்டுவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தது. விமானம் விழுந்து, ரிங்தான் காரணம் என்று யாராவது வழக்குப் போட்டால் நஷ்டஈடு கொடுப்பதற்கான இன்சூரன்ஸ் அது. விற்றுப் பல வருஷம் கழித்துக்கூட வழக்கு வருமாம். கட்டணம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனதால், குறைக்க வழி உண்டா என்று பாஸ் கேட்டிருந்தார். பாஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம், எஞ்சினியருக்குப் படித்தவர். சோதித்துப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து இன்சூரன்ஸ்கார அம்மாள் ஒருவர் வந்தார். என் மேசையில் உட்கார்ந்து கார்டுகளைப் புரட்டினார்.

“ஆண்ட்டி, இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடவா கெட்டுப் போகல?”

“எவ்ளோ கெட்டுச்சு! எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டேன்லா.”

“அப்புறம் ஏன் சைபர்னு எழுதியிருக்கீங்க?”

“பெட்டியில கெட்டது இருக்கா? இல்ல. அதான் சைபர்.”

அவர் சிரிக்கவில்லை. “இதைப் பாக்குறவங்க யாரும் செக் பண்ணவே இல்லன்னுதான் நினைப்பாங்க.”

எனக்கு முகம் எரிந்தது. “ஒரு கை ரிங்கு கொண்டாங்க. கண்ணை மூடிக்கிட்டே கெட்டதை எடுத்துத் தாரேன்.”

“நான் நம்புறேன் ஆண்ட்டி. கோர்ட்டுல கார்டைத்தான் கேப்பாங்க.”

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு மேலே சின்ன விமானம் போனால் அடுப்பை அப்படியே விட்டு வாசலுக்கு ஓடுவேன். சத்தம் ஒழுங்காகப் போகிறதா, திக்குகிறதா என்று நின்று கேட்பேன். ஒன்றைத் தவறவிட்டிருப்பேனோ? அதுவரை அப்படி ஒரு கேள்வி எனக்குள் எழுந்ததே இல்லை.

பதில் வந்தது. முன்பு கட்டியதைப்போல் பல மடங்கு கேட்டிருந்தார்கள். விமான ரிங்கை நிறுத்திவிட்டார் பாஸ். அன்றைக்கே விமான மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு ரிங்குக்காகக் காத்திருக்கிறாராம். வெளிநாட்டில் ஆர்டர் கொடுத்தால் வந்து சேர மாதக் கணக்கில் ஆகுமாம்.

“சரக்கு இருக்குதான் அண்ணே. இன்சூரன்ஸ் இல்லாம ஒண்ணுகூட தர முடியாது,” என்று பாஸ் போனை வைத்தார்.

நான் அங்கேயே நின்றேன். “என்னாலயா பாஸ்?”

“எல்லாருக்கும் ஏறியிருக்கு ஆண்ட்டி. உங்க கார்டாலயும் கொஞ்சம் ஏறியிருக்கும். எவ்ளோன்னு தெரியல.”

இல்லை என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரியாமல்தான் இன்றைக்கும் புரண்டு புரண்டு படுக்கிறேன்.

இப்போது என் மேசைக்கு பம்பு வாஷர் வருகிறது. கெட்டதை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். பாஸ் பார்த்துவிட்டுச் சொன்னார், “பம்புக்கு இதெல்லாம் வேணாம்லா ஆண்ட்டி. யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்க வேணாம். நான் எழுதுறேன்.”

கார்டை எடுத்து, கழித்ததை எழுதும் கட்டத்தைப் பார்த்தார். “ஏழா?”

“கீழ வைங்க பாஸ். பெட்டி இன்னும் முடியல,” என்றேன்.